பன்னிரண்டில் ஒன்று

செங்காங், பதினொன்றாம் மாடி.
மேசையில் இரண்டு தாள்கள்.
ஒன்று அகல்யாவின் தொடக்கநிலை ஐந்து கணக்கு,
மற்றது வழக்கறிஞர் திருவாட்டி கோ அனுப்பியது.
இரண்டிலும் அதே சின்னக் கோடு,
மேலே ஓர் எண், கீழே ஓர் எண்.

வீட்டில் பாதி அப்பாவுடையது.
உயில் எழுதவில்லை.
அவர் எழுதியதெல்லாம் நாலு நம்பர் சீட்டில்தான்.
அந்தப் பாதியில் பாதி அம்மாவுக்கு.
மிச்சப் பாதியில் மூன்றில் ஒன்று எனக்கு,
ஒன்று வசுமதிக்கு,
ஒன்று பெர்த்தில் இருக்கும் தனபாலனுக்கு.

"'ஆஃப்' வந்தா பெருக்கணும்மா" என்றாள் அகல்யா.
எனக்குத் தமிழில்தான் ஏறியது:
பாதியில், பாதியில், மூன்றில்.
இந்த 'இல்'தான் பெருக்கல் குறி.
இல் என்றால் வீடு என்று படித்திருக்கிறேன்,
இல்லை என்றும்.

மேலே இருப்பதை மேலே இருப்பதோடு,
கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடு.
மேலே ஒன்று, ஒன்று, ஒன்று.
எத்தனை தடவை பெருக்கினாலும் ஒன்றேதான்.
கீழே இரண்டு, நாலு, பன்னிரண்டு.
கீழேதான் ஆள் கூடிக்கொண்டே போகிறது.

"பெருக்கினா பெருசாகணும்,
ஏன் சின்னதாகுது?"
பதில் தெரியாமல் அளவு நாடாவை எடுத்துக் கொடுத்தேன்.
தொண்ணூறு சதுர மீட்டரில் ஏழரை.
பதுங்கறைக்குள் அது அடங்கவில்லை.
கூடத்தில் வைத்தால் காணாமல் போனது.
கடைசியில் அப்பாவின் அறையில்,
கட்டில் காலிலிருந்து ஜன்னல் வரை
முட்டி போட்டு அளந்து
"இதான் உன்னுது" என்றாள்.

அப்படி இல்லை கண்ணு.
என்னுடையது ஓர் இடத்தில் கிடக்கவில்லை.
ஒவ்வொரு டைலிலும் பன்னிரண்டில் ஒன்று.
அவர் மருந்து சிந்திய அந்தக் கறையிலும்
அதே கணக்குத்தான்.

புதன்கிழமை
நானும் வசுமதியும் அம்மா பேருக்கு எழுதிக் கொடுத்தோம்.
தனபாலனிடமிருந்து குரல் செய்தி மட்டும்:
யோசிக்கணும்.
பின்னால் ஒரே காற்று.

அகல்யா கூட்டிப் பார்த்துச் சொன்னாள்,
அம்மாவுக்குப் பன்னிரண்டில் பதினொன்று.

துடைப்பமும் கையுமாக நின்ற அம்மா கேட்டாள்:
"அப்ப டைலுக்கு டைல்
அவன் பங்கை மட்டும் விட்டுட்டுப் பெருக்கவா?"

யாரும் சிரிக்கவில்லை. பிறகு மூன்று பேரும் சிரித்தோம்.

முழு வீட்டையும் பெருக்கி முடித்து
முறத்தில் அள்ளியதை
அகல்யாவிடம் காட்டினாள்.
கொஞ்சம்தான் இருந்தது.