நூற்றைம்பது கிலோமீட்டர், நாற்பது நிமிடம்

ஃபலேயோலோ விமான நிலையத்தில்
ஆட்களை நிறுப்பவன் நான்.
பத்தொன்பது இருக்கைச் சின்ன விமானம்.
பெட்டியோடு உடலையும் எடைபோட்டு எழுதினால்தான்
பைலட் தாளுக்குக் கை நீட்டுவார்.

எவ்வளவு தூரம் என்பார்கள், தராசில் நின்றபடி.
கிழக்கே நூற்றைம்பது கிலோமீட்டர்.
எவ்வளவு நேரம்?
நாற்பது நிமிடம். எதிர்க்காற்று என்றால் நாலைந்து கூட.
எப்போது போய்ச் சேரும்?
நேற்று.

வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், என்னைப் படம் பிடிப்பார்கள்.
பாங்கோ பாங்கோவில்,
எழுத்தில் பாகோ, வாயில் பாங்கோ,
கடிகார முள் இங்கே நிற்கும் இடத்திலேதான் நிற்கும்.
தேதித் தாளை மட்டும் இன்னும் கிழித்திருக்க மாட்டார்கள்.
நடுக்கடலில் கோடு தெரிகிறதா என்று பைலட்டிடம் கேட்டேன்.
மேகம், தண்ணீர், மேகம் என்றார்.

போன மாதம் துவாலா என்று ஒருத்தன்
கோட்டும் லாவலாவாவுமாக ஓடி வந்தான்.
அங்கே சனிக்கிழமை தங்கை கல்யாணம்.
இங்கே ஞாயிறு காலை ஆறு மணி.
அழுகிற முகம், நூற்றுப் பதினெட்டுக் கிலோ.
ஏற்றிவிட்டேன்.
மாலையில் கேக் வெட்டும் படம் அனுப்பினான்.

லங்கிமைனா அங்கே மீன் டப்பா ஆலையில் இருக்கிறாள்.
என் ஞாயிற்றில் அவளுக்குச் சனிக்கிழமை ஷிப்ட்.
அவள் ஞாயிற்றில் எனக்குத் திங்கட்கிழமைக் கூட்டம்.
கல்யாணமாகிப் பதினேழு மாதம்,
ஒரு ஓய்வு நாளைச் சேர்ந்து உண்டதில்லை.
நேற்று ஏன் கூப்பிடவில்லை என்பாள் போனில்.
எந்த நேற்று என்பேன்.
அதற்கும் ஒரு சண்டை.

ஒரு திங்கள் காலை அவளே கூப்பிட்டாள்.
பின்னால் தேவாலய மணி,
விசிறி மடக்கும் சத்தம்.
நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன், வா என்றாள்.
வைத்துவிட்டாள்.
அவளுடைய நாளை
என் சுவரில் விடிந்ததிலிருந்தே தொங்கிக்கொண்டிருந்தது.

பிற்பகல் விமானத்தில் ஓர் இருக்கை காலி.
தராசில் ஏறினேன். எண்ணைப் படிக்க ஆளில்லை.
நானே குனிந்து பார்த்து நானே எழுதினேன், தொண்ணூற்று நான்கு.
குனிந்தால் எடை மாறுமோ என்று
நிமிர்ந்து நின்று இன்னொரு முறை.
பையிலிருந்த இரண்டு கோகோ கட்டிகளை
கணக்கில் சேர்க்கவில்லை.

உபோலுவின் பச்சை தீர்ந்தது.
நெற்றி கண்ணாடியில் அதிர அதிரப் பார்த்தேன்.
மேகம். தண்ணீர்.
எந்த இடத்தில் என் திங்கட்கிழமை
சத்தமில்லாமல் கழன்று விழுந்ததோ தெரியாது.
இறங்கியதும் அதிகாரி தேதி முத்திரை குத்தினார்.
புறப்பட்ட தேதிக்குப் பக்கத்தில்
அதைவிட ஒன்று குறைந்த எண்.

வெள்ளை உடை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.
ஈரத் தலையோடு கதவைத் திறந்தவள்
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
உனக்கு ஒரு சொல் ஒழுங்காகக் கேட்காதா,
நாளைக்குத்தானே வரச் சொன்னேன்?

ஆமாம் என்றேன்.
அங்கிருந்துதான் வருகிறேன்.