மஞ்சள் அப்படியே இருக்கட்டும்

கணையம் என்று ஒன்று இருப்பது
எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.
ஈரக்குலை நடுங்கியிருக்கிறது.
பித்தம் தலைக்கேறியிருக்கிறது.
குடலை உருவிவிடுவேன் என்று
குழாயடியில் சத்தம் கேட்டிருக்கிறது.
எந்த வசவிலும் அகப்படாமல்
வயிற்றின் பின்சுவரோடு ஒண்டிக் கிடந்தது
அக்காவின் ஐம்பத்தாறாம் வயதில்
ஆன்டாப் ஹில் ஸ்கேன் சென்டரில்
முதன்முறையாகத் தன் பேரைச் சொல்லிக்கொண்டது.

மூன்று சென்டிமீட்டர்.
பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய்.
கட்டி அதைத் தொடுகிறதா, அணைக்கிறதா
என்பதில் பரேல் டாக்டர்கள் இருவருக்குள்
ஒரு சொல் வித்தியாசம்.
அந்த ஒரு சொல்லால்தான்
வெளிநாடு என்ற பேச்சே வந்தது.

ஞாயிறு பூசை முடிந்து கூடினோம்.
சிங்கப்பூர் என்றார் மச்சான்,
சோறு கிடைக்குமாம்.
ஸ்டுட்கார்ட்டிலிருந்து அக்கா மகன் பெஞ்சமின்
செல்போனில் நெற்றி மட்டும் தெரிய
ஜெர்மனி, ஜெர்மனி என்றான்.
சியோலைச் சொன்னது நான்.
ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அக்கா சீட்டு நோட்டை எடுத்தாள்.
இருபது வருஷமாகக் கோலிவாடா பெண்களுக்குச்
சீட்டுப் பிடிக்கிறவள்,
இந்த மாதம்தான் முதன்முறையாகத்
தானே தள்ளி எடுத்திருந்தாள்.
கடைசிப் பக்கத்தில் கோடு போட்டாள்.
செலவு. விசா. யார் கூட வருவது.
இந்த அறுவையை வருஷத்துக்கு
எத்தனை பேருக்குச் செய்கிறார்கள்,
அதில் எத்தனை பேர்
தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார்கள்.
கடைசிக் கட்டத்துக்கு மட்டும் தலைப்பில்லை.
கேட்டதற்கு
"அது எனக்கு" என்றாள்.

சியோல் ஓர் ஏரியின் படம் அனுப்பியது.
சிங்கப்பூர், முன்பணத்தைத் தடித்த எழுத்தில்.
ஜெர்மனி ஒன்பது நாள் வாய் திறக்கவில்லை.
ஒன்பது ராத்திரியும் அக்கா சொறிந்தாள்,
உள்ளங்கை, உள்ளங்கால்,
நகம் எட்டாத இடத்துக்கு
ஈர்க்குச்சி சீப்பு.

பத்தாம் நாள் ஏழு கேள்வி வந்தது,
பெஞ்சமின் வழியாக.
எடை எத்தனை கிலோ குறைந்தது,
எத்தனை மாடி ஏற முடிகிறது,
இப்படி ஆறு.
ஏழாவது: உங்களுக்கு என்ன வேண்டும்?

மிக்சியில் தேங்காய் ஓடிக்கொண்டிருந்தது.
நிறுத்தினாள்.
"ரெண்டு மாசம் கூடக் கிடைக்கும்னா
அதுக்காக நான் வரல.
வெட்ட முடியும்னா வெட்டட்டும்.
தொறந்து பாத்துட்டு மூடுறதுன்னா
அதுக்கு பரேலே போதும்.
இத அப்படியே எழுது."
அப்படியே எழுதினானோ, மாற்றினானோ,
ஜெர்மன் எங்களில் யாருக்குத் தெரியும்.
'வரலாம்' என்று இரண்டு நாளில் பதில்.

மாட்டுங்கா ஸ்டேஷன் எதிரே
விசா போட்டோ எடுத்த பையன்
திரையில் அவள் முகத்தைப் பெரிதாக்கினான்.
இரண்டு கண்ணிலும் மஞ்சள்,
தாழம்பூ மடல் மாதிரி.
ஒரே தட்டில் வெள்ளையாக்கி
"இதுக்குத் தனியா காசு வேண்டாம் ஆன்ட்டி" என்றான்
இந்தியில், பெருமையாக.
"வாபஸ் பீலா கர் தோ" என்றாள்.
அவன் என்னைப் பார்த்தான்.
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

பயணத்துக்கு முன் பித்தம் வடிய
பரேலில் ஸ்டென்ட் வைத்தார்கள்.
பத்து நாளில் மஞ்சள் இறங்கிவிட்டது.
விசா கவுண்டரில் இருந்த பெண்
போட்டோவையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்து,
"இது நீங்கதானா?"
"போன மாசம் வரைக்கும்."

பாஸ்போர்ட் இன்னும் திரும்பி வரவில்லை.
நோட்டு இப்போது என்னிடம்.
மூன்று ஊருக்கும் கீழே நாலாவதாக ஒரு வரி,
பரேல், பென்சிலில்.
தலைப்பில்லாத கட்டத்தில்
அதற்கு மட்டும் ஒரு டிக்.
நான் அதைக் கேட்கவில்லை.

நாளை தவணை நாள்.
வசூலுக்கு நான் போக வேண்டும்.
அக்கா சொன்னது ஒன்றுதான்:
ஃபிலோமி வீட்டுக்குக் கடைசியாகப் போ,
அவள் அழுவாள்,
மற்றவர்களுக்கு நேரமாகிவிடும்.