கேத்தலுக்குச் சட்டை

கேத்தலுக்குக் கம்பளிச் சட்டை பின்னி விற்கிறேன்,
தேத்தண்ணி ஆறாமல் இருக்க.
போனில் முதல் படம் போட்டது தைப்பொங்கலன்று.
இப்போது நோர்வூட் கூரியர் பையனுக்கு
என் கையெழுத்து மனப்பாடம்.

நேற்று கண்டி ஹோட்டல் ஒன்றிலிருந்து செய்தி:
நூற்றைம்பது வேண்டும்,
வற் பில் தருவீர்களா?

என்னிடம் வற் இலக்கம் இல்லை.
இலக்கம் இல்லாதவள் வரி வாங்கக் கூடாது.
இலக்கம் எடுக்கிற அளவுக்கு நான் விற்கவுமில்லை.
ஹட்டனில் கணக்குப் பார்க்கும் பெர்னதெத் மிஸ் சொன்னார்:
"எல்லை தாண்டும் வரை பயமில்லை. ஆனால்
கூரியர் காசையும் எழுதி வை."

விற்பனைத் தளம் தரகை எடுக்கிறது,
தரகுக்கு வரியும் எடுக்கிறது,
மிச்சத்தை அனுப்புகிறது.
அம்மாவின் கொழுந்தை நிறுக்கும்போது
ஈரத்துக்கு இரண்டு கிலோ, சாக்குக்கு ஒன்று
கழிப்பார்களே, அப்படி.
இதற்கு மட்டும் தாள் வருகிறது.
அந்தத் தாளை நான் கிழிப்பதில்லை.

பெறுமதி சேர் வரி.
பெயரை இரண்டு தரம் வாசித்தேன்.
நூல் நுவரெலியாவில் வாங்கியது, முன்னூற்றெண்பது.
பெறுமதி எங்கே சேர்ந்தது?
இரவு பத்து மணி, லயத்து பல்பு,
ஊசி ஏறி வீங்கிய பெருவிரல்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ஹோட்டலுக்கு எழுதினேன்:
வற் இல்லை. சாதா பில் உண்டு.
புத்தகம் புதிது, உங்களுடையது முதல் தாள்.

பதில் வரவில்லை.
மழை. சிக்னல் ஒரு கோடு.
நூற்றைம்பதில் ஒன்றை
எதற்கும் தொடங்கிவிட்டேன்.