சுருட்டைச்சாமி

பர்கூர் எடைமேடைக்கு முத்திரை வைத்து முடிக்க
மணி பன்னிரண்டு.
அடுத்தது ஜெகதேவி தாண்டி ஒரு கல்குவாரி.
வழியில் புத்தர் கோயில் உண்டென்று
யாரோ சொன்ன ஞாபகம்.

புத்தரா, என்றார் டீக்கடைக்காரர்.
மாங்காய் லாரியிலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்தான்:
"காது தொங்கி, தலையெல்லாம் சுருள் சுருளா?
அது சுருட்டைச்சாமி.
குவாரி கேட்டுக்குள்ள இருக்கு."

கேட்டில் சம்பங்கி.
சித்திரை வெயிலில் மங்கி குல்லா.
நோட்டில் பெயர், நேரம்.
'வந்த காரணம்' என்ற கட்டத்தில் பேனா நின்றது.
எடை, என்று எழுதினேன். பொய்யில்லை.

நான்கு கல்தூண், மேலே தகரம்.
மடியில் கைமேல் கை, ஒரு கட்டைவிரல் இல்லை.
நல்லெண்ணெய் வழிந்து நெற்றிவரை கறுத்த மினுமினுப்பு,
கீழே எல்லாம் சாம்பல் தூசு.
மொட்டை போட்ட பிள்ளைக்கு முடி முளைக்காவிட்டால்
இங்கே எண்ணெய் ஊற்றுவார்களாம்.
அரண்மனையை விட்ட இரவில்
வாளால் கூந்தலை அறுத்துப் போட்டவரிடம்.

தொழில் புத்தி போகுமா?
முழங்காலுக்கு முழங்கால் நாலடி,
உயரம் நாலரை,
இடுப்பு வளைவுக்கும் கழுத்துக்கும் கழிவு போக
என்று கணக்கு ஓடும்போது
சங்கு ஊதியது.

ஒரு மணி வெடி.
கம்ப்ரசர் அடங்கியது. பள்ளத்திலிருந்து
ஒடியாப் பையன்கள், தண்ணீர்க் குடத்தோடு மங்கம்மா,
எல்லோரும் ஓடிவந்து
சாமியின் முதுகுக்குப் பின்னால் குந்தினார்கள்.
"சீக்கிரம் சார்!"

முதல் வெடி காலில் கேட்டது.
இரண்டாவது பல்லில்.
மூன்றாவதற்குக் காத்திருக்கையில் பார்த்தேன்,
அவர் முதுகில் சிவப்புப் பெயிண்டில்
47 என்று ஓர் எண்,
வெட்டி எடுத்த கல்லுக்குப் போடுவது போல.
அதன்மேல் குறுக்கே ஒரு கோடு.
"யார் அடிச்சது?"
சம்பங்கி பதில் சொல்லாமல்
குல்லாவைக் கழற்றித் தூசு தட்டினார்.
ஒரு முடி இல்லை.
உச்சந்தலையில் அதே எண்ணெய்.

தூசு மெதுவாகத்தான் வந்தது.
மங்கம்மா முந்தானையால்
சாமியின் இரு கண்ணையும் துடைத்தாள்,
பிறகு தன்னுடையதை.

வெளியேறும் நேரம் எழுதும்போது கேட்டார் சம்பங்கி:
"எவ்வளவு இருக்கும் சார், எடை?"
வாயெடுத்தேன்.
பல்லிடுக்கில் மண் நறநறத்தது.

குவாரி எடைமேடையில்
இருபது கிலோ படிக்கற்களை
ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தேன்.
எல்லாம் சரியாகத்தான் காட்டியது.
இறக்கிவிட்டு
மறுபடி ஏற்றினேன்.