இடது பக்கம்

மண்டபம் நண்டு கம்பெனியில்
ஏழாம் மாதமும் நின்றுகொண்டுதான் சதை பிரிக்கிறேன்.
முழங்காலுக்குப் பின்னால் நீலமாய் ஒன்று நெளிவதை
ஜெனோவாதான் முதலில் பார்த்தாள்:
"ஏய், கால்ல என்ன, வலைக்கயிறா?"

நர்ஸ் ரஹிமா விரலால் அமுக்கிப் பார்த்தார்.
இன்னும் முடிச்சு விழல, இப்பவே பாத்துக்க.
ஒரே இடத்துல மரமா நிக்காத,
குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கு.
ராத்திரி காலை உசரத்துல வை,
இடது பக்கமாப் படு.

மேசைக்கடியில் என் குதிகால்கள்
கட்டிப்போட்ட வத்தை மாதிரி ஏறி இறங்குகின்றன.
சூப்பர்வைசருக்கு மேசைக்கு மேல்தான் கண்.
கவிழ்த்த ஐஸ் பெட்டியில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் மட்டும்
எங்கிருந்தோ வந்துவிடுகிறார்.

வீட்டில் ரோச்சின் பழைய வலையைச் சுருட்டிக்
காலுக்கு முட்டுக் கொடுத்தேன்.
பாசி நாற்றம்.
பரவாயில்லை, கனம் இறங்குகிறது.

இடது பக்கம்தான் கஷ்டம்.
அங்கே சுவர்.
அவன் தொழிலுக்குப் போன ராத்திரிகளில்
வாசலைப் பார்த்தே படுத்துப் பழகியவள் நான்.
கடல் முதுகுக்குப் பின்னால் போனால்
சத்தம் மட்டும் பெரிதாகிறது.

மூன்று நாள் புரண்டுவிட்டு
தலையணையைக் கால்மாட்டில் போட்டேன்,
வலை தலைமாட்டுக்குப் போனது.
இப்போது இடது பக்கமே வாசல்.

தூரத்தில் ஒரு விளக்கு.
அவனுடையதாக இல்லாமலும் இருக்கலாம்.