ஓரத்தில் வரும் ஆறு

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
என் செராக்ஸ் கடை மாடி.
ஞாயிறு மூன்று மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ஐந்து பேர் ஒரு நாட்டை வரைகிறோம்.
நாட்டுக்கு இன்னும் பெயரில்லை.
பெயர் வைக்கும் கூட்டம் நான்கு முறை கூடி
நான்கு முறையும்
வர்க்கி தீர்ந்ததும் கலைந்தது.

ஆளுக்கொரு தாள்.
தாளும் தாளும் விளிம்பில் பொருந்த வேண்டும்.
சட்டம் ஒன்றுதான்,
பெனடிக்டா எழுதிக் கதவில் ஒட்டியது:
பக்கத்துத் தாளிலிருந்து வரும் ஆற்றை
மறுக்கக் கூடாது.

ஜோகி தாலுகா ஆபீஸ் சர்வேயர்.
அண்ணன் தேயிலைக்கும் தம்பி தேயிலைக்கும் நடுவே
கல் நடுகிறவர்.
இங்கே மலை வரைவார், சோலை வரைவார்,
கடுகளவில் ஒரு கோட்டைகூட வரைவார்.
எல்லைக்கோடு மட்டும் கேட்காதீர்கள்.
"அதுக்குத்தான் வாரத்துல ஆறு நாள் இருக்கே."

நாங்களெல்லாம் மலையின் நிழலை மேற்கே போட
ருக்சானா கிழக்கே போடுவாள்.
அவள் தாளில் எப்போதும் சாயங்காலம்.
யாரும் திருத்தவில்லை.

என் தாள் பாலைவனம்.
ஆடி மாதம் முழுக்க
ஒரு ஜோடி சாக்ஸ் காயாத ஊர்க்காரனுக்கு
பாலைவனம் வரைய உரிமை உண்டு.
மெல்லிய முனைப் பேனா.
புள்ளி, புள்ளி, புள்ளி.
எட்டு ஞாயிறு, நாற்பதாயிரம் புள்ளி
(எண்ணவில்லை, எண்ணியதாகச் சொல்லிக்கொள்கிறேன்).
ஜன்னல் வழியே மேகம் நுழைந்து தாளை நெளிக்கும்.
லேமினேஷன் மெஷின் சூட்டில் பிடித்துப் பிடித்துக்
காயவைத்த மணல் அது.

ஒன்பதாம் ஞாயிறு
ருக்சானா ஒரு ஆற்றைக் கொண்டுவந்து
என் விளிம்பில் விட்டாள்.
இரண்டு மில்லிமீட்டர் அகலம், நீல மை.
"இதுக்கு மேல எங்க போகுதுன்னு நீதான் சொல்லணும்."

சண்டை போட்டேன்.
எட்டு வார மணலில் யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா?
அவள் தன் மலையைக் காட்டினாள்.
சரிவு இந்தப் பக்கம்தான்.
மின்வாரியத்தில் கம்பமேறும் ஹாலன்
டீயை உறிஞ்சியபடி தீர்ப்பு சொன்னார்:
"ஆறும் கரண்ட் மாதிரிதான்.
எங்கயாவது எர்த் ஆகணும்."

சரி.
மூன்று சென்டிமீட்டர் ஓடவிட்டேன்.
மெலியவிட்டேன். கோட்டைப் புள்ளியாக்கி
புள்ளியை மணலில் கலந்துவிட்டேன்.
ஆறு செத்தது.
சட்டப்படி நான் மறுக்கவில்லை.
யாரும் எதுவும் பேசவில்லை.
ஜோகி மட்டும் கண்ணாடியைக் கழற்றித்
தாளுக்கு மூக்கை வைத்து
கடைசி நீலப் புள்ளியைத் தேடினார்.

அப்புறம் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து
இரண்டு வாரம் கூட்டமில்லை.
அரவேணுவிலிருந்து பெனடிக்டா
நனைந்த பிளாஸ்டிக் குழாய்க்குள் தாளைச் சுருட்டி வந்தாள்.
அவள் தாள் எனக்குத் தெற்கு:
கடல், உப்பளம்,
வர்க்கியின் எண்ணெய்க் கறையைச் சுற்றி வரைந்த
ஏழு தீவுகள்.

மேசையில் விளிம்போடு விளிம்பு சேர்த்தோம்.
உப்பளத்துக்கு மேலே,
ஒரு பாறையின் அடியில்,
ஊற்று.
இரண்டு மில்லிமீட்டர். அதே நீலம்.
பக்கத்தில் எறும்பு எழுத்தில்:
இந்தத் தண்ணீரில் மணல் வாசனை இருக்கும்.

அவள் என்னிடம் கேட்டு வரையவில்லை.
நானும் ஏன் என்று கேட்கவில்லை.
ஸ்கேலை எடுத்து வைத்தேன்.
என் கடைசிப் புள்ளியிலிருந்து அவள் பாறைவரை
பதினோரு சென்டிமீட்டர்.
எங்கள் நாட்டில்
ஒரு சென்டிமீட்டர் என்பது ஒரு நாள் நடை.
பதினோரு நாள்
என் நாற்பதாயிரம் புள்ளிகளுக்கு அடியில்
அது இருட்டில் நடந்திருக்கிறது.
நான்
செத்துவிட்டதென்று மூடி வைத்திருந்தேன்.

"எர்த் ஆயிடுச்சு" என்றார் ஹாலன்.

அன்றைக்குத் தட்டில் வர்க்கி மிச்சமிருந்தது.
பெயரைப் பற்றி
யாரும் பேச்செடுக்கவில்லை.