எண்ணுக்குக் கீழே

புறக்கோட்டை மெயின் வீதியில்
சாரிக் கடைக்கு மேலே என் மேசை.
பன்னிரண்டு படி. வருகிறவர் எதை நம்பி வருகிறார் என்று
மூன்றாவது படியிலேயே கேட்டுவிடும்.

சாந்தியாப்பிள்ளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினார்.
பைபிளுக்குள் வைத்துக் கொண்டுவந்த ஐந்நூறு ரூபாய்.
"கிளிக்குப் பக்கத்தில பாருங்க, ஊதாக் கோடு.
மிசினில விழுந்தது. லட்சத்தில ஒண்டு."
எல்லாத் தாளும் லட்சத்தில் ஒன்றுதான் என்று
நான் சொல்லவில்லை. விளக்கை இழுத்தேன்.

முதலில் மூக்கு.
பேனை மைக்கு ஒரு கொழுப்பு வாசம் உண்டு,
வருடக்கணக்கில் போகாது என்பார்கள்.
எனக்கு மூக்குத்தான் போய்விட்டது. பழக்கத்துக்கு முகர்ந்தேன்.
பிறகு நகம். பின்பக்கம் தடவினால்
எழுதிய கோடு தழும்பாய் முட்டும்;
ஒழுகிய மைக்கு அழுத்தத் தெரியாது.
கிளிக்குப் பின்னால் வழுவழுப்பு.
பிறகுதான் லென்ஸ்.

லென்ஸுக்கு அடியில் காசு காசாக இருக்காது.
முகத்துவாரத்தில் காயப்போட்ட வலைக் குவியல்,
அதற்குள் மை ஒவ்வொரு நூலாய் ஊர்ந்திருக்கும்.
எண் மட்டும் கடைசியில் அச்சாகும்.
எனக்குத் தேவையான ஒரே சாட்சி அது.

ஏழின் கால் கோட்டின்மேல் ஏறி நின்றது.
கறுப்பு மேலே. ஊதா கீழே.
அப்படியென்றால் கோடு முந்தியது.
எந்தச் சட்டைப்பையும் எந்த உண்டியலும் தொடும் முன்னரே
அது இங்கே கிடந்தது.
இருபத்திரண்டு வருடத்தில் இப்படி நாலு பார்த்திருக்கிறேன்.
என் முகத்தில் ஏதோ மாறியிருக்க வேண்டும்.
"சொன்னனே" என்றார்.

ஏனோ தாளை இரண்டு மில்லிமீட்டர் நகர்த்தினேன்.

அங்கே ஊதா கொஞ்சம் நீலித்திருந்தது.
நேராக வந்த கோடு தயங்கி, ஒரு வளைவு வளைந்து,
அடுத்திருந்த மூன்றின் தோளில் ஏறியது.
மேலே. கறுப்புக்கும் மேலே.
திருப்பி நகம் வைத்தேன்.
முட்டியது.

மங்கி முடிந்த ஒரு நல்ல பிழையை
யாரோ இன்னும் கொஞ்சம் பிழையாக்கியிருக்கிறார்கள்.
பொய்யை மெய்யென்று விற்க வந்தவர்களை
மாதம் இரண்டு பேராவது பார்க்கிறேன்.
மெய்க்குக் கைகொடுக்கப் போய் அதைக் கெடுத்தவரை
இன்றுதான்.

அவருடைய பெருவிரல் மேசைமேல் இருந்தது.
நான் பார்த்தேன். அது மேசைக்குக் கீழே போனது.

"கோடு சின்னனா இருந்திச்சு" என்றார் கொஞ்சம் பொறுத்து.
"காட்டின ஒருத்தருக்கும் தெரியல்ல."

எனக்குத் தெரிந்திருக்கும் என்று சொல்லலாம்.
சொல்லி என்ன.
ஏழுவரை ஒரு விலை, மூன்றிலிருந்து ஒரு விலை என்று
வெட்டி விற்கிற சாமான் இல்லை இது.
தாளைப் பைபிளுக்கு மேல் வைத்தேன், உள்ளே வைக்காமல்.
பார்வைக் கூலி கேட்கவில்லை.
அவரும் எவ்வளவு என்று கேட்கவில்லை.

இறங்கும்போது ஒவ்வொரு படியாக.

யன்னலால் தெரிந்தது மட்டக்குளி பஸ்.
புட்போர்டில் ஒரு காலோடு அவர் நீட்ட,
கொண்டக்டர் கிளியோடும் கோட்டோடும் அதை
நீளவாக்கில் மடித்து
விரலிடுக்கில் மற்றவற்றோடு செருகிக்கொண்டு
தெருவுக்கே கேட்கச் சிங்களத்தில் கத்தினான்,
சில்லறை இல்லையா என்று.